பெட்டிக்காரனுக்காக: பாம்பன் முதல் ஓரியூர் வரை

திங்கள் இரவு, பாம்பன்

மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறும்போதே மணி பதினொன்று. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று நின்று நின்று வந்து, உச்சிப்புளி தாண்டிய பிறகுதான் ஜன்னலில் உப்புக்காற்று அடித்தது. நான் சுற்றிப்பார்க்க வரவில்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில், என் நண்பன் வென்டிலேட்டரோடு படுத்திருக்கிறான். இந்தப் பயணம் அவனுக்காக.

எங்கள் பங்குக் கோயிலில் பெட்டிக்காரன் என்றால்தான் அவனைத் தெரியும். ஆர்மோனியப் பெட்டிக் காலத்திலிருந்து இன்றைய கீபோர்டு வரை பாடகற்குழுவுக்கு வாசிக்கிறவன். சின்ன வயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய அன்று நானும் அவனும் ஒரே வரிசையில் நின்றோம். அன்று தொடங்கிய ‘மாப்ள’ இன்னும் ஓயவில்லை. நான் பாடுவேன், அவன் வாசிப்பான். சுருதி விலகினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான், அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டான்.

போன மாதக் கடைசியில் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, தானாகச் சரியானது. அப்புறம் பாதத்தில் மதமதப்பு. போன ஞாயிறு பூசையில் காணிக்கைப் பாட்டு முடிந்து எழுந்திருக்கப் பார்த்தான், கால் கேட்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே கடைசிப் பாட்டு வரை வாசித்து முடித்தான். புதன்கிழமை கையைத் தூக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மூச்சு திணறியது.

கில்லன் பாரே சிண்ட்ரோம் என்றார்கள். 2025 தொடக்கத்தில் புனேயில் நிறையப் பேருக்கு வந்ததே, அந்த நோய். ஏதோ ஒரு கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் காவல் படை, ஆள் மாறி நம் நரம்பையே தாக்கிவிடுகிறது. கம்பியின் மேலுறை உரிந்த மாதிரி நரம்பு ஆகிவிடுவதால் மூளை இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேர்வதில்லை என்று டாக்டர் விளக்கினார். காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசை வரை ஏறினால் மெஷின்தான். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அப்படி ஆகுமாம். பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்துவிடுகிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார்.

இதில் என்னைப் போட்டு வாட்டுவது ஒன்றுதான். புத்தி தெளிவாக இருக்கிறது. எல்லாம் கேட்கிறது. கட்டிலைச் சுற்றி நின்று யார் என்ன பேசினாலும் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், பதில்தான் சொல்ல முடியாது.

உள்ளே ஒரு வேளைக்கு ஒருவரைத்தான் விடுகிறார்கள். நான் வராண்டாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவன் மனைவிதான் சொன்னாள்: “இங்க உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்கண்ணே? பாப்பாவுக்கு நர்சிங் சீட் கிடைச்சா ஓரியூருக்கு வர்றதா இவர் நேர்ந்திருந்தார். அவ ரெண்டாம் வருஷமே போய்ட்டா, இவர் இன்னும் போகலை. நீங்க போய் முடிச்சிட்டு வாங்க. அப்படியே பாம்பன் அண்ணியையும் பார்த்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லுங்க.”

ஓரியூர், அருளானந்தர் திருத்தலம். பாம்பன் அண்ணி என்றது அவனுடைய அக்காவை. இங்கே வாக்கப்பட்டு வந்தவர். எனக்கும் அக்காதான்.

பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லோரும் வலது பக்கமும் இடது பக்கமும் கழுத்தைத் திருப்பினார்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பெட்டிக்காரனாக இருந்தால் போனை நீட்டியிருப்பான். எனக்குக் கை வரவில்லை.

இரவு எட்டு மணிக்கு பாப்பா கூப்பிட்டாள். “மாமா, முதல் டோஸ் ஏறிட்டிருக்கு.” இம்யூனோகுளோபுலின் மருந்து, ஐந்து நாளைக்குப் போட வேண்டும். விலை லட்சக்கணக்கில். அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குழுவில்) வசூல் செய்து பாதி சேர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. யார் பெற்ற பிள்ளைகளோ!

செவ்வாய், பாம்பன்

செவ்வாய் அந்தோணியார் நாள். விடியுமுன் அக்கா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கடற்கரையில் குகை போலக் கட்டிய ஒரு சின்னக் கெபி. கச்சான் காற்று மெழுகுத்திரியை நிற்க விடவில்லை. தென்கடல் பொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் ஏழெட்டுப் பேர் மணலில் முழங்கால் போட்டுச் செபமாலை சொன்னார்கள். அக்கா, “மதுரையில என் தம்பி” என்று மட்டும் சொன்னார். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. “தம்பி பேரு?” என்று மட்டும் ஒரு கிழவி கேட்டார். சொன்னதும் அடுத்த பத்து மணியும் அந்தப் பெயரில் போனது. (அவன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை.)

வீட்டுக்கு வந்து சூடை மீனை உரசிக்கொண்டே அக்கா பேசினார். செதில் சிமெண்டுத் தரையில் சிதறுகிறது. ஒரு பூனை தள்ளி உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது.

“நீ என்னன்னு செபிக்கிற தம்பி?”

“ஆண்டவரே, அவனை எழுப்பி நடக்க வையும்னு.”

அவர் தலையாட்டவில்லை. அவருடைய மூத்த மகன் சில வருடங்களுக்கு முன் எல்லை தாண்டினான் என்று பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருந்தவன். கோர்ட்டில் ஒவ்வொரு தவணையிலும் காவலை நீட்டித்துக்கொண்டே போனார்களாம். “மொதல்ல நானும் அவனை விட்டுருணும், விட்டுருணும்னுதான் கேட்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இல்லைன்னு சேதி வரும். கோயிலுக்குப் போகவே பிடிக்காமப் போச்சு. அப்புறம் எங்க மாமியார் சொன்னாங்க, ஏட்டி, இன்னைக்குப் பொழுதுக்கு மட்டும் கேளுன்னு. சரின்னு, இன்னைக்கு அவனுக்குச் சோறு கிடைக்கணும், இன்னைக்கு அவனை யாரும் அடிக்கக் கூடாதுன்னு கேட்டேன். அதுதான் எனக்கு வாய்ல வந்துச்சு.”

மகன் வந்துவிட்டான். படகு வரவில்லை. அவன் இப்போது கேரளாவில் வேறு படகில் கூலிக்குப் போகிறான். இதையும் அக்காதான் சொன்னார், குரல் மாறாமல்.

நான் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. பெரியதைக் கேட்கக் கூடாது என்றால் அப்புறம் எதற்குக் கடவுள்? மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரனை நாலு பேர் தூக்கிவந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அவர்கள் சோறு கேட்டா இறக்கினார்கள்? எழுந்து நடக்கத்தானே? மதியம் பூராவும் இதே யோசனை.

சாயங்காலம் பாப்பா: இரண்டாவது டோஸ் ஏறுகிறது, மாற்றம் இல்லை. உறவுக்காரர் ஒருவர் வந்து ஏன் ஸ்டீராய்டு போடவில்லை என்று டாக்டரிடம் சத்தம் போட்டிருக்கிறார். இந்த நோய்க்கு ஸ்டீராய்டு கேட்காது என்பது ஆராய்ந்து முடிந்த விஷயம். பாப்பாதான் அவரை வெளியே கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்து சமாதானம் செய்தாளாம். பிள்ளை வளர்ந்துவிட்டது.

புதன் இரவு, தொண்டி

பாம்பனிலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி வழியாகத் தொண்டி. இந்தப் பக்கம் கடல் வேறு கடல். பாம்பனின் தெற்கே குதிக்கிற அலை இங்கே பாக் விரிகுடாவில் குளத்துத் தண்ணீர்தான். கரைக்கும் சாலைக்கும் நடுவில் கருவேலங்காடு, இடையிடையே உப்பு பூத்த வெறுந்தரை.

தொண்டியில் ஒரு ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் உள்ளூர்ப் பாய், என்னைவிட இளையவர். ஓரியூர் என்றதும், “யாருக்கு உடம்பு சரியில்லண்ணே?” என்று கேட்டார். அந்த ஊருக்கு வேறு எதற்கு ஒருவன் நடு வாரத்தில் போகப் போகிறான்? சொன்னேன். வண்டியை ஓரம் கட்டி, நோயின் பெயரை இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். “எங்க உம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப ஏர்வாடி தர்காவுக்கும் போனோம், ஓரியூருக்கும் போனோம்” என்றார். உம்மா இப்போது எப்படி என்று கேட்டேன். “ஒரு கை வரலை. அந்தக் கையை மடியில வச்சுக்கிட்டு மத்தக் கையால எங்களை அடிக்கிறாங்க” என்று சிரித்தார்.

சாலையில் வேளாங்கண்ணிக்குப் போகிற நடைக்கூட்டம். ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடியேற்றம், அதற்குள் போய்ச் சேர வேண்டும். காவி உடை, சப்பரத் தள்ளுவண்டியில் மாதா, ஒரு ஸ்பீக்கர். கூட்டத்தின் கடைசியில் ஒரு பெண் செருப்பில்லாமல், பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு, விரல்களை ஊன்றாமல் குதிகாலால் நடந்துகொண்டிருந்தார். பாய் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். நான் பேச்சுக் கொடுத்தபோது அந்தப் பெண் இடுப்பிலிருந்து ஒரு பாக்கெட் நோட்டை எடுத்து நீட்டினார். பக்கம் பக்கமாகப் பெயர்கள். கிட்னி, கடன், பிள்ளை இல்லை, விசா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை. நான் அவன் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் என்ன எழுதுவது என்று நின்றேன். ‘மூச்சு’ என்று எழுதினேன்.

ஓரியூருக்கு நான் சின்ன வயதில் வந்தது. இப்போது பெரிய இடமாகிவிட்டது. அருளானந்தர் கதை பங்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம்தான், ஆனாலும் இந்தத் தடவை அதில் நோய்தான் என் கண்ணில் பட்டது. அருளானந்தர் என்று நாம் சொல்லும் ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசருக்குத் தோழனாக வளரும்போது கடுமையாக நோயில் விழுந்தார். பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் சேசு சபை அங்கி உடுத்திவிடுகிறேன் என்று அவருடைய தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தார், அங்கியும் உடுத்தினார். பெரியவரானதும் அந்தச் சபையிலேயே சேர்ந்து, சவேரியாரைப் போல இந்தியாவுக்குப் போகிறேன் என்று நின்றார். அதே தாய் அவரைத் தடுக்க எங்கெங்கோ போய் மன்றாடிப் பார்த்தார். நடக்கவில்லை.

மறவநாட்டில் காவி உடுத்தி, மரக்கறி மட்டும் சாப்பிட்டுச் சுற்றினார். தடியத்தேவர் என்கிற இளவரசருக்குத் தீராத நோய். வேதம் கற்பிக்கும் ஒரு உபதேசியார் போய்ச் செபித்ததும் குணமானார் என்கிறார்கள். குணமானவர் ஞானஸ்நானம் கேட்டார். மனைவியர் பலர் கூடாது, ஒருவர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று குரு சொன்னார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவநாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் உறவு. அதன் முடிவு, 1693 பிப்ரவரி 4-இல் இந்த ஊரில் குரு கொல்லப்பட்டது. அன்று விபூதிப் புதன். முந்தைய நாள் சிறையிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். மை இல்லாமல் கரியைத் தண்ணீரில் கரைத்து எழுதினாராம். 1947-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்தத் தாயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு உயிர் கேட்டார், கிடைத்தது. அந்த உயிர் பாம்பாற்றங்கரையில் வந்து முடியும் என்று அவர் எங்கே கண்டார்? இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்த மாதிரி எழுதவும் விருப்பமில்லை.

வெளியே செம்மண். அவர் ரத்தம் சிந்தியதால் சிவந்தது என்பது ஊர் நம்பிக்கை. ஆளுக்கு ஒரு கை அள்ளி முடிந்துகொள்கிறார்கள். நானும் ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டேன், அவன் வீட்டு மாதா படத்துக்கு முன்னால் வைக்க. பக்கத்தில் ஒருவர், தண்ணீரில் கரைத்து நோயாளிக்கு ஊற்றுங்கள் என்றார். மூக்கில் குழாய் போட்டு அளந்து கஞ்சி விடுகிற ஆளுக்கு மண்ணா? தொற்று வந்தால் யார் பொறுப்பு? நம்பிக்கை வேறு, இது வேறு. அவரிடம் சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேர்ச்சைக் காசை உண்டியலில் போட்டேன். பாப்பாவின் சீட்டுக்கான நன்றி அது, அவன் சார்பில். பிறகு கோயிலுக்குள் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, எங்கள் பழைய மாதா பாட்டு ஒன்றைப் போனில் பாடிப் பதிவு செய்து பாப்பாவுக்கு அனுப்பினேன். பெட்டி இல்லாமல் பாடியது இதுதான் முதல் தடவை.

பாய் காத்திருந்து திரும்பத் தொண்டியில் விட்டார். வாடகை வாங்கிக்கொண்டார், காத்திருந்த நேரத்துக்கு மட்டும் வாங்கவில்லை. “இஷா தொழுகையில துஆ கேக்குறேன்ணே” என்றார். பெயரைத் திருப்பி என்னிடம் சரியாகச் சொல்லிக் காட்டினார்.

வியாழன் இரவு, பாம்பன்

காலையில் கிளம்பிப் பாம்பன் வந்தேன். அக்கா வீட்டுக்காரர் மீன் வேனில் தனுஷ்கோடிக்குப் போகிறார் என்று தொற்றிக்கொண்டேன். 1964 டிசம்பர் புயலில் போன ஊர். பவளக்கல் சுவரோடு நிற்கும் இடிந்த மாதா கோயிலில் ஒரு செபம் சொல்லலாம் என்று நினைத்தேன். பீடம் இருந்த இடத்தில் ஒரு கல்யாண ஜோடிக்கு போட்டோ ஷூட் நடந்துகொண்டிருந்தது. பாசி மாலைக் கடைகள், சங்குக் கடைகள், அன்னாசிப் பழத்தில் மிளகாய்ப்பொடி. குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. எனக்குத்தான் அங்கே வாய் வரவில்லை.

திரும்பும்போது முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் சிக்னல் வந்து, வரிசையாக பாப்பாவின் செய்திகள் விழுந்தன.

நேற்று இரவு அவள் ஒரு அட்டை தயாரித்திருக்கிறாள். தமிழில் 247 எழுத்தையும் காட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்று, உயிர் 12 ஒரு பக்கம், மெய் 18 ஒரு பக்கம், ஆறு ஆறாகப் பிரித்து எழுதியிருக்கிறாள். வரிசையை விரலால் காட்டுவாள், சரியான வரிசையில் அவன் கண்ணை மூட வேண்டும். பிறகு எழுத்து. முகத் தசையும் தளர்ந்திருப்பதால் இமை முழுக்க மூடுவதில்லை, பாதிதான் இறங்குகிறது. அதைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

முதலில் க். அப்புறம் ஆ. அப்புறம் ல். “காலா அப்பா?” பாதி இமை இறங்கியது. எ. ர். இ. அவளுக்குப் புரிந்துவிட்டது. கால் எரிகிறது.

அசையாத கால். நாங்கள் அதற்கு உணர்வே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த நோயில் நரம்பு வலி சகஜமாம், சொல்ல வழியில்லாத நோயாளியிடம் அது தெரியாமலே போய்விடுமாம். எத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்ததோ! டாக்டர் உடனே கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தைக் குழாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். ஈரத்துணி சுற்றி, போர்வை பாதத்தில் உரசாமல் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

ராத்திரி அக்காவும் நானும் விளக்கு வைத்து உட்கார்ந்தோம். என் வாயில் எழுந்து நடப்பது வரவே இல்லை. “ஆண்டவரே, அந்தக் கால் எரியாம இருக்கணும். இன்னைக்கு ராத்திரி அவன் தூங்கணும்.” அக்கா “ஆமென்” என்றார். அதற்கப்புறம் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, குழம்பு ஆறுகிறது என்று எழுந்து போய்விட்டார்.

வெள்ளி, பாம்பன்

கடைசி டோஸ் இன்று. நான்கு மணி நேரம் தூங்கினான் என்று செய்தி வந்தது. அக்கா தெருவுக்கே சொல்லிவிட்டார். வேறு எதுவும் இல்லை. கருவாடு வாங்கினேன்.

சனி, பஸ்ஸில்

கிளம்பும் முன் தங்கச்சிமடம் போய் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலைப் பார்த்தோம். அக்காவும் கூட வந்தார். ஜூலைத் திருவிழாவுக்கு இந்துக்கள், இஸ்லாமியர் என்று தீவே திரண்டு வருகிற கோயில், இன்று வெறிச்சென்று இருந்தது. அக்கா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தம்பி மதுரைக்குப் படிக்கப் போன நாளில் அவனுக்குத் தலை வாரிவிட்டதைச் சொன்னார். அழுதார். இந்த வாரத்தில் நான் பார்த்து இப்போதுதான். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, “பஸ்ஸை விட்டுருவ, போ” என்றார்.

பரமக்குடி வருவதற்குள் பாப்பா கூப்பிட்டாள். டாக்டர் சொன்னது இது: பலவீனம் இதற்கு மேல் ஏறவில்லை, நின்றுவிட்டது. திரும்புவதற்கு நாளாகும், வாரங்களா மாதங்களா என்று இப்போது சொல்ல முடியாது. வாயில் போட்ட குழாயை நெடுநாள் வைக்க முடியாததால் திங்கட்கிழமை தொண்டையில் சின்னத் துளை போட்டு அதன் வழியாக மூச்சுக் குழாயை மாற்றப் போகிறார்கள். அது ஒரு வகையில் அவனுக்கு வசதி. பின்னால் அதை எடுத்தும் விடுவார்கள்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மாமா, உங்க பாட்டை மூணு தடவை போட்டுக் காட்டினேன். மூணாவது தடவை அட்டையை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்” என்றாள். இருபது நிமிடம் எழுத்துக் கூட்டியிருக்கிறார்கள். வந்த வாசகம்: ஒரு கட்டை குறை.

அவன் சொல்வது சரிதான். பெட்டி இல்லாததால் எடுத்த எடுப்பிலேயே மேலே போய்விட்டேன், சரணத்தில் குரல் கிழிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். நாளை ஏழு மணிப் பூசைக்கு வாசிக்கப் போகிற பையனுக்குப் போன் போட்டு, ஒரு கட்டை இறக்கி வைத்துக்கொள், உத்தரவு மேலிடத்திலிருந்து என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கள் காலை கையெழுத்துப் போட அவன் மனைவியோடு நானும் போகிறேன். பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோவார்களாம். அந்த நேரத்தில் நினைவு வந்தால் நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். தொண்டையில் அந்தத் துளை நல்லபடியாக ஆகட்டும் என்று மட்டும் கேட்டால் போதும். மற்றதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.